பாராளுமன்றத்தின் ஆயுளும் எங்கள் வைத்தியசாலைகளும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் அவர் நீரிழிவைப் பற்றியோ மார்பகப் பரிசோதனையைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்த்திருப்பீர்கள். செயலாளர் அக்காவும் அப்படித்தான் நினைத்தார். தலைப்பைச் சொன்னதும் தொலைபேசியில் சற்று நேரம் சத்தமே இல்லை. "அரசியல் பேசப் போறீரோ?" என்று கேட்டார். கட்சி பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டே இங்கு வந்திருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குச் சமூகக்கல்வி படிப்பித்த ரீச்சர் ஒவ்வொரு தவணைப் பரீட்சையிலும் ஒரு கேள்வி கேட்பார்: பாராளுமன்றத்தின் ஆயுட்காலம் எத்தனை ஆண்டுகள்? ஆறு என்று எழுதினால் ஒரு புள்ளி. ஜாம் போத்தல் விளக்கில் அதைப் பாடமாக்கினோம். மின்சாரமும் மண்ணெண்ணெயும் இல்லாத ஊரில் அந்த ஆறு எங்களுக்கு வெறும் இலக்கமாகவே இருந்தது.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அதே ரீச்சர் என் கிளினிக்குக்கு வந்தார். இரத்த அழுத்தத்துக்கு அவர் எடுத்துவந்த இரண்டு மருந்துகளில் ஒன்றுகூட அன்று எங்கள் மருந்தகத்தில் இல்லை. வெளியில் வாங்கும்படி துண்டு எழுதிக் கொடுத்தேன். ஓய்வூதியத்தில் சீவிக்கும் ஒருவருக்கு அந்த மாத விலை என்னவென்று எனக்குத் தெரியும். துண்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "பிள்ளை, இது எப்படி வந்தது?" என்று கேட்டார். டொலர் இல்லை ரீச்சர் என்றேன். அரைகுறை விடை எழுதிய பிள்ளையைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். அந்த விடையின் மிச்சத்தைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

2019 நவம்பர் 16இல் ஜனாதிபதித் தேர்தல். அடுத்து ஒரு பாராளுமன்றத் தேர்தல் வரப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். டிசம்பர் முதலாம் திகதி வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. பிறகு வற் வரிக்குப் பதியவேண்டிய ஆண்டு விற்பனை எல்லையும் 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியனாக உயர்த்தப்பட்டது. வேறு வரிகளும் குறைந்தன, சில இல்லாமலே போயின. வேண்டாமென்று சொன்னவர் யார்? நானும் அந்த மாதச் சம்பளத் தாளைப் பார்த்து மகிழ்ந்தவள்தான். 2020 மார்ச் 2இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. தொற்று வந்ததால் தேர்தல் ஆகஸ்ட் 5 வரை தள்ளிப்போனது. இடையில் பாராளுமன்றமே கூடவில்லை. அரசியலமைப்பின் 150ஆம் உறுப்புரை தரும் அதிகாரத்தைக் கொண்டு திரட்டு நிதியத்திலிருந்து பணம் எடுக்கப்பட்டது. நாட்டின் பெட்டகத்தைத் திறக்கவேண்டிய கைகள் வீட்டில் இருந்தன, பெட்டகம் திறந்தபடியே இருந்தது.

தேர்தல் வெல்லப்பட்டது. வருமானம் திரும்பி வரவில்லை. 2021இல் அரசின் வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8.3 வீதமாக இருந்தது. அந்த வருமானத்தில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் வட்டிக்கே போனது. சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் மருந்துக்கும் கடன் வாங்கவேண்டும், கடன் கொடுப்பவரோ இல்லை. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நாடு நிறுத்தியது. தொற்றும் உரத்தடையும் ரூபாயைப் பிடித்துவைத்த பிடிவாதமும் இதில் பங்காளிகள், முழுப்பழியும் வரிக் குறைப்பின்மேல் அல்ல. ஆனால் ரீச்சரின் கையிலிருந்த துண்டுக்கும், இரண்டு தேர்தல்களுக்கு நடுவே கொடுக்கப்பட்ட அந்தச் சலுகைக்கும் இடையில் ஒரு நேரான பாதை இருக்கிறது.

1975இல் வில்லியம் நோர்டாஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதை ஒரு சுழற்சியாக விளக்கி எழுதினார். தேர்தலுக்கு முன் இனிப்பு, தேர்தல் முடிந்ததும் கசப்பு. எங்கள் ஆச்சிமாருக்கு அவர் எழுதுமுன்னரே அது தெரிந்திருக்கும். 1952 தேர்தலின்போது பங்கீட்டு அரிசி கொத்து 25 சதம். அடுத்த ஆண்டு ஜூலையில் 70 சதம். பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் அத்தோடு நிறுத்தினார்கள். 1953 ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது, அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். ஐந்தாண்டுத் தவணையின் இரண்டாம் ஆண்டில் மருந்து கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள் அளவைத் தவறவிட்டார்கள். அதற்குப் பிறகு அரிசியைத் தொட எந்த நிதியமைச்சருக்கும் கை நடுங்கியது. 1962இல் பங்கீட்டைக் குறைக்க முயன்ற பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க, தன் கட்சியினரே மறுத்ததால் நிதியமைச்சிலிருந்து விலகவேண்டி வந்தது. 1970இல் இரண்டு கொத்து அரிசி தருவோம் என்ற வாக்குறுதி மேடைகளில் ஒலித்தது. ஒரு கொத்தை எடுத்தவர்கள் தோற்றார்கள்.

இங்கே மருத்துவராக ஒன்று சொல்லவேண்டும். அரிசி கொடுத்ததை நான் வீண் செலவென்று சொல்லமாட்டேன். இந்த நாட்டுப் பிள்ளைகளும் தாய்மாரும் பிழைத்ததில் அந்த அரிசிக்குப் பங்குண்டு. 1931இல் பெண்களுக்கும் வாக்கு வந்த பிறகுதான் கிராமங்களுக்கு வைத்தியசாலை தேடி வந்தது. தேர்தல் இல்லாவிட்டால் எங்களைத் தேடி யார் வருவார்? என் முறைப்பாடு தேர்தலின்மேல் அல்ல, தேர்தல் எதைக் காண்கிறது, எதைக் காண்பதில்லை என்பதில்.

அது கட்டடத்தைக் காணும். நான் முன்பு வேலைசெய்த ஒரு வைத்தியசாலையில் புதிய பிரசவ விடுதி ஒன்று கட்டினார்கள். பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். தேர்தலுக்கு ஆறு கிழமை இருக்க மாலை மரியாதையோடு திறந்தார்கள். கருங்கல்லில் பெயர் பொறித்த பலகை. மறுநாள் பூட்டினார்கள். தாதியருக்கு ஆளணி அனுமதி இல்லை, ஒட்சிசன் குழாய் இணைக்கப்படவில்லை. நாங்கள் பழைய விடுதியில், ஒரு கட்டிலில் இரண்டு தாய்மாரை வைத்துக்கொண்டு, யன்னலால் அந்தப் புதிய கட்டடத்தைப் பார்த்தபடி இரண்டரை ஆண்டுகள் வேலைசெய்தோம். அதற்குள் கூரையில் வெளவால் குடியேறிவிட்டது.

இதில் யாரும் திருடவில்லை என்பதுதான் விசயம். கட்டடம் மூலதனச் செலவினம், தாதியின் சம்பளம் மீண்டெழும் செலவினம். முன்னதை ஒரு தவணைக்குள் தொடங்கித் திறந்துவிடலாம். பின்னதற்கு அடுத்த முப்பது ஆண்டுகளும் பணம் வைக்கவேண்டும், நாடா வெட்ட முடியாது. பணம் இறுகும்போதும் இதே கணக்குத்தான். சம்பளத்தை வெட்டினால் சத்தம் வரும், பராமரிப்பை வெட்டினால் வராது. ஆகவே இயந்திரம் பழுதாகும்வரை எண்ணெய் இல்லாமல் ஓடும்.

தவணை குறுகியது என்பதுதான் நோயென்றால் நீட்டிவிடலாமே என்று கேட்கலாம். அதையும் பார்த்துவிட்டோம். 1970இல் தெரிவான பாராளுமன்றம் 1972 அரசியலமைப்பின் மூலம் தன் ஆயுளைத் தானே நீட்டி 1977 வரை இருந்தது. 1977இல் தெரிவானது 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பின் மூலம் 1989 வரை இருந்தது. விளக்குக்குப் போடுவதா பானைக்குப் போடுவதா என்று இங்கே வீடுவீடாகப் பேசிய கதையை மூத்த அக்காமார் சொல்லக் கேட்டிருக்கிறேன். யாழ்ப்பாணம் வேண்டாமென்றே வாக்களித்தது. நீட்டித்த காலத்தில் தொலைநோக்கு வந்ததா? 1983இல் ஆறாம் திருத்தச் சத்தியப்பிரமாணத்தை மறுத்த எங்கள் உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். எங்கள் வாழ்வு தலைகீழான அந்த ஆண்டுகளில், வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்பட்ட சபையில் எங்களுக்காகக் கைதூக்க ஆளில்லை.

மகாவலியையும் சொல்லவேண்டும். முப்பது ஆண்டுகளில் செய்வதென்று வரைந்த திட்டத்தை 1977 அரசாங்கம் ஆறு ஆண்டுகளுக்குள் சுருக்கியது. ரீச்சரின் கேள்விக்கான விடையும் ஆறுதான் என்பதைக் கவனியுங்கள். ஆறில் முடியவுமில்லை, விக்டோரியா அணை 1985இல்தான் திறக்கப்பட்டது. அவசரத்தில் வந்த கடனும் விலையேற்றமும் மட்டும் நேரத்துக்கு வந்தன.

ஆனால் தவணைகளைத் தாண்டி நடந்த வேலைகளும் இதே நாட்டில் இருக்கின்றன. எங்கள் சங்கம் பிறந்த 1926இல்தான் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. 1930களின் நடுப்பகுதியில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அது பத்துப் பத்தாண்டுகளாகக் குறைந்து 40க்குக் கீழே வந்தது. எந்த ஒரு அரசாங்கமும் அதைத் தன் தவணைக்குள் செய்து முடிக்கவில்லை. சைக்கிளில் வீடுவீடாகப் போன குடும்பநல மாதுகளுக்கு நாடா வெட்டிய அமைச்சரை எனக்குத் தெரியாது.

மலேரியா இன்னும் நல்ல பாடம். 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்கே மலேரியா. நோய் போய்விட்டதென்று தெளிப்பை நிறுத்தினார்கள். அது தேர்தல் தந்திரமல்ல, அன்றைய உலக வழிகாட்டலே அதுதான். 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். பிறகு எடுத்த முயற்சி பல அரசாங்கங்களையும் போரையும் கடந்து வந்து, 2016இல் நாடு மலேரியா அற்றதென்ற சான்றிதழைப் பெற்றது. இப்போது இல்லாத ஒரு நோய்க்கு ஆண்டுதோறும் பணம் கேட்கவேண்டிய நிலை. அந்தக் கோரிக்கையை நியாயப்படுத்தி எழுதுவதுதான் எங்கள் துறையில் மிகவும் கடினமான எழுத்து.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1931 முதல் 1947 வரை, பதினாறு ஆண்டுகள், கல்வி அமைச்சராக இருந்தார். போரினால் இரண்டாவது அரசாங்க சபையின் ஆயுள் நீண்டதும் அவருக்கு உதவியது. 1945இல் இலவசக் கல்வி வந்தது, 1947 தேர்தலில் அவர் தோற்றார். இந்த மண்டபத்தில் எத்தனை பேர் அவர் விதைத்ததை உண்டவர்கள் என்று கைதூக்கச் சொல்லவா? வேண்டாம், தூக்காதவர்களை எண்ணுவதுதான் சுலபம்.

எங்கள் மாகாணத்தின் நிலை இன்னொரு விதம். வடக்கின் ஆதார வைத்தியசாலைகளும் பிரதேச வைத்தியசாலைகளும் மாகாண நிருவாகத்துக்குக் கீழே இருப்பவை. 2013இல் தெரிவான மாகாண சபையின் ஆயுள் 2018 அக்டோபரில் முடிந்தது. பிறகு தேர்தல் இல்லை. உத்தியோகத்தர்கள் உழைக்கிறார்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் பூட்டிய விடுதி ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்க, தெரிவுசெய்யப்பட்ட ஒருவரும் அங்கு இல்லை. குறுகிய தவணை கெட்டதென்று இதுவரை சொன்னேன். தவணையே இல்லாதது அதைவிடக் கெட்டது.

இப்போது எங்கள் வீட்டு விசயம். நூற்றாண்டு நிதியில் சேர்ந்திருக்கும் பணத்தில் இரண்டு மாடி விஞ்ஞானக் கூடம் கட்டவேண்டும் என்று ஒரு யோசனை இருக்கிறது. மிச்சப் பணத்துக்கு ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியைக் கேட்கலாம் என்றும் சொல்கிறார்கள். நான் நிருவாகக் குழுவுக்குப் புதியவள், அதிகம் பேசக்கூடாது. ஆனாலும் இருக்கும் இரசாயனக் கூடத்தைப் போய்ப் பார்த்தேன். எட்டுக் குழாய்களில் மூன்றில் தண்ணீர் வருகிறது. கூட உதவியாளர் ஓய்வுபெற்ற பிறகு பதிலுக்கு ஆளில்லை. பிள்ளைகள் பரிசோதனையைப் படத்தில் பார்த்துப் பரீட்சைக்குப் போகிறார்கள்.

பணத்தை வைப்பிலிட்டு, வட்டியில் ஓர் உதவியாளருக்குச் சம்பளமும் கூடத்தின் பராமரிப்பும் கொடுக்கலாம் என்று ஒரு மாற்றுத் தீர்மானத்தை ரொறன்ரோக் கிளையைச் சேர்ந்த அக்கா ஒருவரும் நானும் எழுதியிருக்கிறோம். பலகை வைக்க இடமில்லாத திட்டம் என்று சிலர் சிரித்தார்கள், உண்மைதான். ரீச்சரும் முன்வரிசையில் இருக்கிறார். அவருடைய இரண்டு மருந்துகளும் இப்போது கிளினிக்கில் கிடைக்கின்றன. பாராளுமன்றத்தின் ஆயுள் 2015 முதல் ஐந்து ஆண்டுகள், இரண்டரை ஆண்டுக்குப் பிறகு ஜனாதிபதி விரும்பினால் கலைக்கலாம் என்று காலையில் அவருக்குச் சொன்னேன். "அப்ப நான் போட்ட புள்ளியெல்லாம்?" என்று கேட்டார்.

தீர்மானத்தின் பிரதிகள் உங்கள் கதிரைகளில் இருக்கின்றன. தேநீருக்குப் பிறகு செயலாளர் அக்கா வாக்கெடுப்புக்கு விடுவார்.