எலும்போடு உறவாடும் பீங்கான்

பீங்கான் என்றதும் நமக்குக் கோப்பையும் ஊறுகாய் ஜாடியும் நினைவுக்கு வரும். கொல்கத்தா ஜாதவ்பூரில் 1950-இல் தொடங்கப்பெற்ற மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையத்திலோ, எலும்புக்கு ஈடாகும் பீங்கானையும் ஆராய்கின்றனர்.

நம் எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. அதனை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட் என்னும் பீங்கானைப் பொருத்தினால், எலும்பு அதனை அந்நியமாக எண்ணாது ஒட்டி வளர்கிறது. ஆயினும் நொறுங்குவது பீங்கானின் இயல்பு. உடற்பாரம் தாங்கும் தொடையெலும்பில் அதனைத் தனித்து நம்புவதற்கில்லை.

இங்கே துணைவருவது கிராபீன். பென்சில் கரியான கிராபைட்டிலிருந்து 2004-இல் மான்செஸ்டரில் பிரித்தெடுக்கப்பட்ட, ஓரணுத் தடிமனே உடைய ஏடு. குமார்துலியில் துர்க்கையின் திருவுருவம் சமைப்போர் களிமண்ணில் உமி கலப்பதைக் காண்கிறோம். நம் ஊர்களில் சுவர் மண்ணோடு வைக்கோலை மிதிப்பார்கள். மண்ணில் வெடிப்பு பரவாமல் அவை தடுக்கின்றன. பீங்கானுக்குள் கிராபீன் ஏடும் அவ்வாறே வெடிப்பை மறிக்கிறது.

இரண்டையும் திரவத்தில் சீராகக் கலந்து, உலர்த்தி, அழுத்திச் சுடுவர். காற்றில் சுட்டால் கரி எரிந்துபோம். ஆதலின் வெற்றிடமோ ஆர்கான் வாயுவோ வேண்டும். ஏடு மிகுந்தால் கட்டியாகத் திரண்டு வலுவைக் கெடுக்கும். உயிரணுக்களுக்கும் ஊறு நேரலாம். எனவே பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே சேர்க்கின்றனர்.

ஆய்வுக்கூடத்தில் உடையாதிருந்தால் மட்டும் போதாது. பல்லாண்டு உடலில் தங்கியும் தீங்கு செய்யாது என்பது தெளிந்த பின்னரே அது நோயாளியிடம் செல்ல வேண்டும். எலும்பு முறிந்தவர் மருத்துவரிடம் ஒப்படைப்பது தம் உடலை. அங்கே அவசரத்துக்கு இடமில்லை.