கம்பியில்லா இணைப்பும் ஒரு மாணவியின் கேள்வியும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் பேச எடுத்துக்கொண்டது பெரிய பொருளன்று. ஒரு பழைய மடிக்கணினியில் கம்பியில்லா இணைய இணைப்பை, அதாவது ‘வைஃபை’ என்கிறோமே, அதை வேலை செய்ய வைத்த கதைதான். அதிலே நான் செய்த ஒரு தவற்றையும் இந்தச் சபையில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பார்த்துப் படித்த காலம். மறு ஆண்டு, செம்பனைக் குலை வெட்டும் தகப்பனார் ஒருவர் கூட்டுப் பணத்தை எடுத்து, மகளுக்குப் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கி வந்தார். அதிலிருந்த விண்டோஸ் நகரவே மாட்டேன் என்றது. அதை எடுத்துவிட்டு நான் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். யூனிக்ஸ் என்னும் முறையைப் பார்த்து, 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கி, பிறகு பலருடைய உழைப்பால் வளர்ந்தது லினக்ஸ். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

கணினி சுறுசுறுப்பாக ஓடியது. ஆனால் வைஃபை மட்டும் தலைகாட்டவில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “அண்ணே, வைஃபை அட்டை போச்சு. கடைக்காரன் உங்களை ஏமாத்திட்டான்” என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிப்போனது இன்னும் என் கண்ணிலே நிற்கிறது.

அப்போது அந்தச் சிறுமி கேட்டாள்: “சார், நேத்து விண்டோஸ்ல வைஃபை வந்துச்சே. ஒரே ராத்திரியில எப்படி சார் போகும்?”

எனக்குச் சுருக்கென்றது. அதன் பிறகுதான் முறையாகப் பார்த்தேன்.

முதலாவது, வைஃபை அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். சில மடிக்கணினிகளில் அதற்கென்று சிறு விசை உண்டு. ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ என்று கட்டளை கொடுத்தால் நிலைமை தெரியும். அணைக்கப்படவில்லை.

இரண்டாவது, ‘எல்எஸ்பிசிஐ’ என்று தட்டினேன். உள்ளே பொருத்தியிருக்கும் பாகங்களைக் கணினி வரிசையாகச் சொன்னது. அட்டையின் பெயரும் இருந்தது! பாவம், கடைக்காரர் ஏமாற்றவில்லை.

மூன்றாவது, கணினி தொடங்கும்போது எழுதி வைக்கும் குறிப்புகளைப் படித்தேன். ‘ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை’ என்று ஒரு வரி.

ஃபர்ம்வேர் என்றால் என்ன? ஒருவர் காலையில் பெரட்டுக்கு வந்துவிட்டார். கையிலே கத்தியும் இருக்கிறது. ஆனால் எந்த நிரை என்று தண்டல் சொல்லவில்லை. அவர் நின்றுகொண்டே இருப்பார். அவரைச் சோம்பேறி என்போமா? அதே கதைதான். பல வைஃபை அட்டைகளுக்கு ஒவ்வொரு முறை கணினியைத் திறக்கும்போதும் அந்தக் கட்டளைக் கோப்பைக் கொடுக்க வேண்டும். அவற்றின் மூல நிரலை அட்டை செய்பவர்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. ஆகவே கொள்கை காரணமாக, டெபியன் என்னும் லினக்ஸ் வகை அத்தகைய கோப்புகளைத் தன் அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டில் சேர்க்காமல் இருந்தது. 2022இல் வாக்கெடுத்து, 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து சேர்த்துவிட்டார்கள்.

இன்னொரு சங்கடம்! கோப்பு இருப்பதோ இணையத்தில். இணையத்துக்குப் போகவோ அந்தக் கோப்பு வேண்டும். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டின கதை. வழி என்ன? கைத்தொலைபேசியை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, தொலைபேசியின் டேட்டாவைக் கணினிக்குப் பகிர்ந்தேன். கம்பி வழியாக இணையம் வந்தது. கோப்பை இறக்கி, கணினியை அணைத்துத் திறந்தேன். வைஃபை பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. நான் அந்தத் தகப்பனாரிடம் மன்னிப்புக் கேட்டேன். “அதனால என்ன சார், புள்ள படிச்சா போதும்” என்றார்.

அந்த மாணவி இன்று இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். அதே கணினிதான்.

மாணவச் செல்வங்களே! ஆசிரியர் சொன்னாலும் ஐயம் வந்தால் மரியாதையோடு கேளுங்கள். பெற்றோர்களே! பரிசு வாங்காத பிள்ளையை “இது மண்டையில ஒண்ணும் ஏறாது” என்று இன்று வீட்டுக்குப் போய்த் திட்டாதீர்கள். அதற்கு என்ன கிடைக்கவில்லை என்று பாருங்கள். எங்களிடமும் வந்து கேளுங்கள். பார்க்காமலே ‘போச்சு’ என்று சொன்னவன் நான். அந்தத் தவற்றை ஒரு பிள்ளையின் விஷயத்தில் நாம் யாரும் செய்ய வேண்டாம்.