விக்ராந்தின் பாய்லர் அறை
(எங்கள் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் வழக்கமாக ஆன்மீக விஷயங்கள் பேசுவார்கள். நானோ பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் ஃபைல் பார்த்தவன். ஆகவே இன்று நீராவியைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறேன்.

எங்கள் காஞ்சிரங்குளத்தில், அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. லோணாவளாவில் உள்ள ஐ.என்.எஸ். சிவாஜியில் பயிற்சி பெற்று, விக்ராந்த் கப்பலின் பாய்லர் அறையில் ஸ்டோக்கராக இருந்தவர். காது மந்தம். "சாமி, உரக்கப் பேசணும். அந்தச் சத்தத்திலே போன காது" என்பார். ஆனால் பாய்லரைப் பற்றிக் கேட்டால் போதும், ஒரு மணி நேரம் நிற்காது.

விக்ராந்த் நம் நாட்டின் முதல் விமானந்தாங்கிக் கப்பல். 1961 மார்ச் 4 அன்று பெல்ஃபாஸ்ட்டில் நம் கடற்படையில் சேர்ந்தது. நான்கு பாய்லர்கள், இரண்டு டர்பைன்கள், 40,000 குதிரைசக்தி. சுமார் 25 நாட் வேகம், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் போக வடிவமைக்கப்பட்டது.

1970 ஜூனில் சோதனை வந்தது. பாய்லர்களின் நீர் டிரம்களில் உள்ளுக்குள் வெடிப்புகள் இருப்பது தெரிந்தது. வெல்டிங் செய்து சரிப்படுத்த முடியாது. புதிய டிரம்களுக்கு இங்கிலாந்தில் ஆர்டர் கொடுத்தார்கள். அதுவரை பாய்லரைப் பற்றவைக்கக் கூடாது என்று உத்தரவு.

குழந்தைகளுக்காகச் சொல்கிறேன். நம் வீட்டுப் பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டு ஆக்கினால் 230 டிகிரி வரை கொதிக்காமல் தண்ணீராகவே இருக்கும். அப்போது டிரம் பிளந்தால் அழுத்தம் விட்டுப்போய், அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி நொடியில் நீராவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கு மேல் ஆவியாக விரியும். பக்கத்தில் நிற்பவருக்கு ஓட நேரம் கிடைக்காது.

1971 பிறந்ததும் யுத்த மேகம் சூழ்ந்தது. 1965 போரின்போது விக்ராந்த் பழுதுபார்க்கும் துறையில் இருந்தது. இன்னொரு போரிலும் அப்படி இருந்தால் கடற்படையின் மனத்தெம்பு என்னாகும் என்பது அன்றைய தளபதி அட்மிரல் நந்தாவின் கவலை. மார்ச் 1 அன்று பாய்லர்களைப் பற்றவைத்தார்கள். பிறகு கடலில் வெள்ளோட்டம் விட்டுப் பார்த்து வரம்பு விதித்தார்கள். அழுத்தம் 400 பவுண்டைத் தாண்டக் கூடாது; முன்னோக்கிப் போகையில் புரொப்பெல்லர் நிமிஷத்துக்கு 120 சுற்றைத் தாண்டக் கூடாது. வேகம் 14 நாட்டாகக் குறைந்தது. மணிக்கு 26 கிலோமீட்டர்தான்!

இதில் இன்னொரு சிக்கல். விமானம் மேலெழும்ப எதிர்காற்று வேண்டும். கப்பல் காற்றை எதிர்த்து வேகமாக ஓடித்தான் அதைக் கொடுக்க வேண்டும். விமானத்தைத் தூக்கி எறியும் கேட்டபுல்ட்டுக்கும் இதே பாய்லரின் நீராவிதான். "மேலே பறக்கிறவர் எங்க மூச்சிலேதான் சாமி பறந்தார்" என்று பெரியவர் சொல்வது வெறும் பெருமையல்ல, பௌதிகம்.

1971 டிசம்பர் 4 அன்று கரையிலிருந்து 60 கடல்மைல் தூரத்தில் நின்று விக்ராந்த் எட்டு சீஹாக் விமானங்களைக் காக்ஸ் பஜாருக்கு அனுப்பியது. அன்றே சிட்டகாங் துறைமுகமும் தாக்கப்பட்டது. டிசம்பர் 16-ல் டாக்காவில் சரணாகதி. கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது.

அந்த நாட்களில் பயமாக இல்லையா என்று கேட்டேன். "நாலு மணி நேர வாட்ச். கண் முழுக்க கேஜ் கண்ணாடியிலே. தண்ணி மட்டம் ஏறக் கூடாது, இறங்கக் கூடாது. பயப்பட நேரம் எங்கே? வாட்ச் முடிஞ்சு மேலே வந்து கடல்காத்து முகத்திலே பட்டப்புறம்தான் கால் நடுங்கும்" என்றார். மேலே குண்டு விழுந்ததா, யார் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு ஒலிபெருக்கியில் வந்த செய்திதான். யுத்தத்தில் இருந்தும் யுத்தத்தைப் பார்க்காதவர்கள்.

விக்ராந்த் 1997 ஜனவரி 31-ல் ஓய்வு பெற்றது. மும்பையில் 2012 வரை மிதக்கும் மியூசியமாக இருந்தது. 2014-ல் உடைக்கத் தொடங்கினார்கள். அதே பெயரில் 2022 செப்டம்பர் 2 அன்று நம் கொச்சியில் புதிய கப்பல் பணியில் சேர்ந்தது. அதில் நீராவி பாய்லர் இல்லை. கேஸ் டர்பைன்கள்தான் ஓட்டுகின்றன. பெரியவர் வேலை பார்த்த பழைய விக்ராந்த் போய்விட்டது. கப்பலும் இல்லை, பாய்லரும் இல்லை. மிச்சம் இருப்பது அவர்கள் ஞாபகம் மட்டுமே.

நம் சங்க உறுப்பினர்கள் மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி, சென்னை என்று பல ஊர்களில் இருக்கிறீர்கள். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பெரியவர் இருப்பார். எந்த ஜாதி, எந்த மதம் என்று பார்க்க வேண்டாம். ஒரு சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். பேரன் பேத்தியை ஃபோனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஃபைலில் உத்தரவு இருக்கும், தேதி இருக்கும். கால் நடுங்கியது இருக்காது. அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும், நாம்தான் கேட்க வேண்டும். அவர்களுக்கு எண்பது தாண்டிவிட்டது, தாமதிக்க வேண்டாம்.