ஓக் மரத்து ஊர்

ஸ்லோவேனியாவுக்குக் கடல் கொஞ்சம்தான். அந்தக் கரையில் இருக்கும் கோப்பர் துறைமுகத்தை விட்டு உள்நாட்டுப் பக்கம் ஏறினால், வெளிறிய சுண்ணாம்புப் பாறை மதில்போல் எழுந்து நிற்கும். அதன் அடிவாரப் பள்ளத்தாக்கில் இருக்கிறது ஹ்ராஸ்தோவ்ல்யே.

ஸ்லோவேனிய மொழியில் ஹ்ராஸ்ட் என்றால் ஓக் மரம். மரத்தால் பெயர் பெற்ற ஊர் இது. இத்தாலியர்கள் இதையே கிரிஸ்டோல்யே என்று எழுதினார்கள். அந்த உச்சரிப்பைக் கேட்டுக் கிறிஸ்துவின் பெயர் என்று எண்ணிவிட வேண்டாம். ஆஸ்திரியா, இத்தாலி, யூகோஸ்லாவியா என்று ஆட்சி மாறிக்கொண்டே வந்த மண் இது. 1991 முதல் சுதந்திர ஸ்லோவேனியா. எத்தனை கொடி மாறினாலும் ஓக் மரம் பெயரை விட்டுப் போகவில்லை.

ஊரை ஒட்டிய மேட்டில் ஒரு கோட்டைச் சுவர். துருக்கியர் படையெடுப்புக்கு அஞ்சி 16ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. அதற்குள்ளே பரிசுத்த திரித்துவக் கோயில். கல் சுவர், கல் கூரை, சின்னக் கட்டடம். வாசலைத் தாண்டி உள்ளே போனால் தரையைத் தவிர எல்லாம் ஓவியம்!

வரைந்தவர் கஸ்தாவ் ஊர் யோவான். 1490இல், அதாவது கொலம்பஸ் கப்பலேறுவதற்கு இரண்டு ஆண்டு முன்பு, பணியை முடித்துத் தம் பெயரையும் எழுதிவைத்தார். படைப்புக் கதை, இயேசுவின் பாடுகள், பன்னிரண்டு மாதங்களின் வேலைகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் கண் போய் நிற்பது தென்புறச் சுவரில் உள்ள மரண நடனத்தில்தான். எலும்புக்கூடுகள் மனிதர்களைக் கைப்பிடித்துக் குழிக்கு அழைத்துப் போகின்றன. போப்பாண்டவர், அரசர், அரசி எல்லோரும் ஒரே வரிசையில். ஒரு வணிகர் மரணத்துக்குப் பணம் நீட்டிப் பார்க்கிறார். ஊன்றுகோல்காரர் ஒருவர் நொண்டி நடக்கிறார். கடைசியில் தொட்டிலிலிருந்து எழும் குழந்தை. எழுத்தறியாத உழவரும் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளும் படம் அது. அரசருக்கும் தனக்கும் ஒரே குழிதான் என்பதை வெளிப்படையாகச் சொன்ன சுவர், அன்றைய குடியானவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்!

பின்னாளில் இவை அத்தனையும் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்தன. தலைமுறைகள் வெள்ளைச் சுவரைப் பார்த்தே வழிபட்டார்கள். 1949இல் இவ்வூர்க்காரரான சிற்பி யோஷே போலென் பூச்சுக்கு அடியில் இருந்த வண்ணத்தைக் கண்டெடுத்தார். வெளியூர் அறிஞர் யாரும் வந்து சொல்லவில்லை. ஊரின் பிள்ளையே கண்டுபிடித்தார் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

போகிறவர்கள் அந்த நடனத்தோடு திரும்பிவிடாதீர்கள். நிமிர்ந்து மாதங்களின் ஓவியங்களையும் பாருங்கள். இஸ்திரியா எனப்படும் இந்த வட்டாரத்து உழவரின் ஓராண்டு வாழ்க்கை அதில் இருக்கிறது. சுவரில் யாரோ கீறிவைத்த, கிளகோலித்திக் என்னும் பழைய ஸ்லாவிய எழுத்துகளும் உண்டு, அவற்றையும் தேடிப் பாருங்கள். வழி கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு: உள்நாட்டு ஊரான திவாச்சாவிலிருந்து கோப்பருக்குப் போகும் ரயில் பாதை இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் இறங்குகிறது.