கடைக்கு வராத மருந்து

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் நீரிழிவைப் பற்றிய பேச்சு எழாத நாள் அரிது. அந்நோய்க்கென ஹைதராபாத்தில் பிறந்த ஒரு மருந்தைப் பற்றிச் சிறிது சொல்வோம்.

டாக்டர் அஞ்சி ரெட்டி நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது ராகாகிளிட்டசார். பெயரில் ராகம் இருப்பது நம் செவிக்கு இதமே! இரத்தத்திலுள்ள சர்க்கரை, கொழுப்பு இரண்டையும் ஒருங்கே குறைக்க முனைந்த சிறு மூலக்கூறு அது. டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் நிறுவனம் அதன் உரிமையைப் பெற்று, மனிதரிடத்தும் சோதித்து வந்தது.

2002-இல், அதனை உட்கொண்ட எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டிகள் தோன்றின. சோதனை நிறுத்தப்பட்டது. எலிக்கு வந்ததற்கு இத்துணை அச்சமா எனலாம். நீரிழிவுக்காரர் ஆண்டுக்கணக்கில் உண்ண வேண்டிய மருந்தல்லவா அது? பல்லாண்டு உழைப்பைக் கைவிட்ட அம்முடிவை நாம் தோல்வியென எண்ணவில்லை. அம்மருந்து கடைக்கு வரவேயில்லை.