புட்டிப்பாலும் விளம்பரமும்

(மதுரை மாவட்டத்து வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர், ஊராட்சித் தலைவர்களும் கடைக்காரர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொருளை விற்போர் அதன் குணங்களை எடுத்துச் சொல்வது குற்றமன்று. ஆயினும், தேவையற்றதைத் தேவையென நம்பவைக்கும் விளம்பரம் கேட்டையே விளைவிக்கும். சிசுக்களுக்கான டப்பாப் பாலே இதற்குத் தக்க சான்று. 1939-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார் இதனைக் கண்டித்துப் பேசினார்.

கேடு வரும் வழியைக் காண்போம். பிள்ளை பெற்ற வீட்டிற்கு ஒரு டப்பா இலவசமாக வந்தால், சில நாட்கள் அதனைப் புகட்டுவர். குழந்தை தாயிடம் அருந்துவது குறையவே, பால் சுரப்பதும் குறையும். பின்னர் டப்பாவை விலைக்கு வாங்கியே தீரவேண்டும். மேலூர்ப் பக்கத்திலும் சோழவந்தான் பக்கத்திலும் நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் தாயின் கூலிக்கு அது கட்டுபடியாகுமா? மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவாள், குழந்தை மெலியும். நீரும் புட்டியும் தூய்மையற்றிருப்பின் வயிற்றுப்போக்கும் வந்து சேரும். இதற்குத் தாயின் அறியாமையைப் பழிப்பது நியாயமன்று.

1981-ல் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை இவ்விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. 118 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்கா ஒன்றே எதிர்த்தது. நம் நாடு 1992-ல் சட்டமே இயற்றி, 2003-ல் அதனைக் கடுமையாக்கியது. இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுக்கு விளம்பரம் செய்தல், இலவச மாதிரி வழங்கல், டப்பாவில் குழந்தைப் படம் பொறித்தல், மருத்துவப் பணியாளருக்குப் பரிசளித்தல் யாவும் குற்றமாம். மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. விற்ற அளவைக் கொண்டு கம்பெனி தன் ஊழியருக்குக் கமிஷன் தருவதும் கூடாது. ஆசையின் வேரையே அறுக்கும் நல்ல ஏற்பாடு இது. பிற வியாபாரங்களும் இதனைப் பின்பற்றலாம்.

டப்பாப் பாலை விற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. தாயற்ற சிசுவுக்கு மருத்துவர் சொற்படி அது வேண்டியதே. தடுப்பது ஆசை காட்டுவதை மட்டுமே.

நிற்க. சட்டம் தில்லியில் பிறந்தாலும் நடைபெறவேண்டிய இடம் நம் ஊரே. கீழமாசி வீதியில் சரக்கெடுத்து வரும் கடைக்காரர்கள், இவ்வுணவுகளின் விளம்பர அட்டைகளைக் கடையில் தொங்கவிடலாகாது. மாதிரி டப்பாவுடன் வருவோரை அங்கன்வாடியினர் திருப்பியனுப்பி, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு அறிவித்தல் வேண்டும். கைப்பேசியில் வரும் விளம்பரத்திற்கும் இச்சட்டம் பொருந்தும் என்பதை இளந்தாய்மாருக்கு எடுத்துரையுங்கள். நிலமுடையோரும் ஊராட்சித் தலைவர்களும் வேலைத்தளத்தில் நிழலும் தொட்டிலும் அமைத்து, பாலூட்ட நேரமும் அளித்தல் வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும் என்று நாம் சொல்கிறோம். அதற்கு வழி செய்து கொடுப்பதும் நம் கடமையே.