பழைய கை டிராக்டருக்கு டைமிங் வைப்பது: இரும்புக் கடைக்கு அனுப்பும் முன் நான்கு சோதனைகள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். வழக்கம்போல் வைப்புத்தொகை வட்டி, உயில், நாமினி என்று பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று அது இல்லை. நம் பின்பக்க ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கும் இயந்திரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அறிவிப்புப் பலகையில் பார்த்திருப்பீர்கள். இந்த மாத இறுதிக்குள் ஷெட்டைக் காலி செய்து, உள்ளே இருப்பதை எடைக்குப் போடுவதாகக் கமிட்டி தீர்மானித்திருக்கிறது. அதில் அந்தக் கை டிராக்டரும் சேர்த்தி.

அதன் சொந்தக்காரர் நம் குடியிருப்பிலேயே இருக்கும் ஒரு அம்மா. கணவர் காலத்து இயந்திரம். கணியம்பாடிப் பக்கம் இரண்டு ஏக்கர் நிலம் இன்னும் அவர்கள் பெயரில் இருக்கிறது, பேரன் பயிர் வைக்க ஆசைப்படுகிறான். "எஞ்சின் போச்சு" என்று யாரோ சொல்லிவிட்டதால் அவர்களும் எடைக்குப் போடச் சம்மதித்துவிட்டார்கள். எஞ்சின் போய்விட்டதா இல்லையா என்று இதுவரை ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை. அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

நான் பி.காம். படித்தவன், மெக்கானிக் இல்லை. ஆனால் வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருந்த வருடங்களில், ஈடு வைத்த இயந்திரங்களைக் களத்துமேட்டுக்கே போய்ப் பார்த்து எழுதி வருவது என் வேலை. அங்கே நின்று மெக்கானிக்குகள் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான் இது. கணக்குப் புத்தகத்தில் ஒரு விஷயம் உண்டு. வருடா வருடம் தேய்மானம் கழித்தால் ஒரு நாள் இயந்திரத்தின் மதிப்பு ஏட்டில் ஒரு ரூபாய்க்கு வந்து நிற்கும். ஏட்டில் ஒரு ரூபாய் என்பதால் வயலில் அது உழாது என்று அர்த்தமில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலில் இது என்ன இனம் என்று தெரிந்துகொள்வோம். நடந்துகொண்டே ஓட்டும் இயந்திரம் புதிய சரக்கு அல்ல. ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்பவர் 1912லேயே சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் சோதனையைத் தொடங்கினார். இலங்கைக்கு இங்கிலாந்திலிருந்து 'லேண்ட்மாஸ்டர்' போனது. வன்னியில் இன்றும் எந்தக் கம்பெனியின் இரு சக்கர உழவு இயந்திரமானாலும் 'லேண்ட்மாஸ்டர்' என்றே சொல்கிறார்கள். நம் நாட்டில் 1967ல் பெங்களூருவில் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷி கூட்டிலும், 1973ல் தொடங்கிய கேரள அரசின் காம்கோ நிறுவனம் குபோட்டா கூட்டிலும் பவர் டில்லர் செய்தன. நம் வயல்களில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இவைதான். இவை டீசல்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதற்கு டைமிங் என்றால் டீசலைப் பீய்ச்சும் நேரம். பம்புக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளால் அதைச் சரிசெய்வார்கள். தகடு கூட்டினால் பீய்ச்சுவது தாமதமாகும், குறைத்தால் முந்தும். அதை அனுபவமுள்ள டீசல் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

ஷெட்டில் இருப்பது டீசல் அல்ல. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். ஒற்றை சிலிண்டர், பக்கத்தில் பிளக், கயிறு சுற்றி இழுக்கும் ஃப்ளைவீல். பெயர்த் தகடு தேய்ந்து போயிருக்கிறது. பேட்டரி கிடையாது. ஃப்ளைவீலில் பதித்த காந்தம் காயிலைக் கடந்து சுழலும்போது கரண்ட் உண்டாகிறது. இதற்கு மேக்னட்டோ என்று பெயர். ஜெர்மனியில் பாஷ் நிறுவனத்தின் கோட்லோப் ஹோனோல்ட் 1902ல் உயர் அழுத்த மேக்னட்டோவை வெற்றிகரமாக்கினார். அன்று முதல் அடிப்படை மாறவில்லை. இந்தக் கூட்டத்தில் பழைய புல்லட், ஜாவா, லாம்பிரெட்டா ஓட்டியவர்கள் பலர் இருக்கிறீர்கள். பாயிண்ட் சுத்தம் செய்யாத ஆள் உங்களில் யார்? அதே பாயிண்ட்தான் இதிலும்.

டைமிங் என்றால் என்ன? சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவி ஒரே நொடியில் வெடித்துவிடுவதில்லை. அடுப்பில் காகிதம் பற்றுவதுபோல் ஓரத்திலிருந்து எரிந்துகொண்டு போகிறது. அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு தீ வைத்தால், அது நன்றாக எரிவதற்குள் பிஸ்டன் கீழே போய்விடும். ஆகவே உச்சிக்குக் கொஞ்சம் முன்பே தீ வைக்க வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் 20 டிகிரி முன்பு என்றால், விநாடியில் 900ல் ஒரு பங்கு நேரம் முன்பு. அவ்வளவுதான் விஷயம்.

இது மிகவும் முந்தினால் கயிறு இழுக்கும்போதே எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். புல்லட் கிக்கரிடம் முழங்காலில் அடி வாங்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஓடும்போது உள்ளே சுத்தியால் தட்டுவதுபோல் சத்தம் வரும். மிகவும் பிந்தினால் இழுவை இருக்காது, சைலன்சர் அளவுக்கு மீறிச் சுடும், பட்டாசு வெடிப்பதுபோல் சைலன்சரில் சத்தம் வரும். இந்த அறிகுறிகளைப் பார்த்துத்தான் "எஞ்சின் போச்சு" என்று பலரும் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

இனி சோதனைகள். வரிசை மாறக் கூடாது.

முதல் சோதனை, ஸ்பார்க். பிளக்கைக் கழற்றி, வயரை மாட்டி, பிளக்கின் உடம்பை எஞ்சின் இரும்பில் படும்படி வைத்துக் கயிற்றை இழுங்கள். நீல நிறத்தில் பளிச்சென்று பொறி வர வேண்டும். பிளக் கழற்றிய துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், பொறி அதன் அருகில் இருக்கக் கூடாது. பிளக் இடைவெளி பொதுவாக 0.6 முதல் 0.7 மி.மீ. பொறி மஞ்சளாக, சோம்பலாக வந்தாலோ, வரவே இல்லையென்றாலோ அடுத்த சோதனை.

இரண்டாவது, பாயிண்ட். ஃப்ளைவீலின் மூடியைக் கழற்றினால் பல எஞ்சின்களில் ஒரு ஜன்னல் இருக்கும். அதன் வழியே பாயிண்ட் தெரியும். வருடக்கணக்காக நின்ற எஞ்சினில் பாயிண்ட் முகத்தில் மெல்லிய பாசிபோல் படிந்திருக்கும். கரண்ட் பாயாது. மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த விசிட்டிங் கார்டை இடையில் விட்டு இழுத்துத் துடையுங்கள். பிறகு ஃப்ளைவீலைச் சுற்றி, பாயிண்ட் அதிகபட்சம் திறந்த நிலையில் நிறுத்தி, ஃபீலர் கேஜால் இடைவெளி பாருங்கள். இந்த வகை எஞ்சின்களில் பெரும்பாலும் 0.35 முதல் 0.4 மி.மீ. உங்கள் எஞ்சினின் புத்தகம் கிடைத்தால் அதில் உள்ள அளவே சட்டம். பாயிண்ட் முகத்தில் ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் மேடு என்று இருந்தாலோ, ஓடும்போது பாயிண்டிலேயே பெரிய பொறி பறந்தாலோ கன்டென்சர் போய்விட்டது என்று கொள்ளலாம். அதை மட்டும் மாற்றினால் போதும்.

மூன்றாவது, சாவி. ஃப்ளைவீலையும் தண்டையும் பிணைக்கும் சிறிய அரைவட்டத் துண்டைத்தான் கீ என்கிறார்கள். கத்தி கல்லில் மாட்டி எஞ்சின் சட்டென்று நின்றால் இது பாதி வெட்டுப்பட்டுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், டைமிங் மட்டும் எங்கோ போயிருக்கும். ஃப்ளைவீலைப் புல்லர் போட்டுத்தான் கழற்ற வேண்டும். சுத்தியால் தட்டினால் தண்டின் முனை நசுங்கும், காந்தத்துக்கும் கெடுதல்.

நான்காவதுதான் டைமிங். முதலில் பிஸ்டனின் உச்சியைக் கண்டுபிடிக்க வேண்டும். உச்சியருகே பிஸ்டன் நகர்வதே தெரியாது என்பதால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பிளக் துளை பிஸ்டனுக்கு நேர் மேலே இருந்தால் ஒரு சைக்கிள் ஸ்போக்கை விட்டு, பிஸ்டன் ஏறும்போது ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் ஃப்ளைவீலில் ஒரு கோடு, இறங்கும்போது அதே ஆழத்தில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் உச்சி. துளை பக்கத்தில் இருந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டும். வால்வு பக்கத்தில் உள்ள பழைய எஞ்சின்களில் ஹெட் என்பது சில போல்ட்களில் நிற்கும் ஒரு மூடிதான். அந்த உச்சிக் கோட்டுக்கு நேராக எஞ்சின் உடம்பில் நிலையான ஒரு குறியும் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நம் துறை, கணக்கு. நூலால் ஃப்ளைவீலின் சுற்றளவை அளந்து 360ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை மி.மீ. என்று வரும். சுற்றளவு 630 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிகிரிக்கு 1.75 மி.மீ. புத்தகத்தில் 20 டிகிரி என்று இருந்தால் 35 மி.மீ. ஃப்ளைவீலின் உச்சிக் கோட்டிலிருந்து, எஞ்சின் சுற்றும் திசையில் 35 மி.மீ. தள்ளி இரண்டாவது கோடு. எஞ்சின் சுற்றும்போது இந்தக் கோடு முதலில் உடம்புக் குறியைத் தொடும், பிறகு உச்சிக் கோடு தொடும்.

அடுத்து, சிகரெட் பெட்டியில் வரும் மெல்லிய தாள் போன்ற ஒன்றை பாயிண்டுக்கு நடுவே விட்டு, லேசாக இழுத்துப் பிடித்தபடி ஃப்ளைவீலை ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். தாள் விடுபட்டு வரும் அந்தக் கணம்தான் ஸ்பார்க். அப்போது இரண்டாவது கோடு குறிக்கு நேராக இருந்தால் டைமிங் சரி. இல்லையென்றால் பாயிண்ட் உள்ள தட்டின் திருகுகளைத் தளர்த்தி, எஞ்சின் சுற்றும் திசைக்கு எதிராகத் தட்டை நகர்த்தினால் ஸ்பார்க் முந்தும், அதே திசையில் நகர்த்தினால் பிந்தும். திருகை இறுக்கியதும் மறுபடி சோதியுங்கள். தாளுக்குப் பதில் பேட்டரியும் பல்பும் வைத்துப் பார்ப்பவர்கள், காயில் வயரை பாயிண்டிலிருந்து பிரித்துவிட வேண்டும். பிரிக்காவிட்டால் பாயிண்ட் திறந்தாலும் காயில் வழியாகப் பல்பு எரிந்துகொண்டே இருக்கும்.

பாயிண்ட் இடைவெளியை முதலில் வைத்துவிட்டுத்தான் டைமிங்குக்கு வர வேண்டும் என்று சொன்னேனே, காரணம் இது. இடைவெளியைக் கூட்டினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், ஸ்பார்க் முந்தும். குறைத்தால் பிந்தும். டைமிங் வைத்த பிறகு இடைவெளியைத் தொட்டால் செய்த வேலை வீண். தட்டை நகர்த்தவே முடியாத எஞ்சின்களும் உண்டு. அவற்றில் இடைவெளியைச் சரியாக வைத்தாலே டைமிங் வந்துவிடும்.

பாதுகாப்பு பற்றிச் சில வார்த்தைகள். இவற்றில் விட்டுக்கொடுப்பே கூடாது. தொட்டியில் பழைய பெட்ரோல் இருந்தால் முழுக்க வடித்துவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் கெடுக்கும். வேலை முடிந்தால் தொட்டியைக் காலியாக வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், கத்தியின் இணைப்பு விடுபட்டிருக்க வேண்டும். கயிற்றையோ தோல் வாரையோ கையில் சுற்றிக்கொண்டு இழுக்காதீர்கள். எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் விரல் போகும். கடைசியாக, தரைத்தளப் பார்க்கிங்கில் ஒரு நிமிடம்கூட ஓட்டிப் பார்க்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. மேலே வீடுகளில் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

இந்த நான்கு சோதனைக்கும் தேவை ஃபீலர் கேஜ், ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், நூல், ஒரு துண்டுத் தாள், தேவைப்பட்டால் ஒரு புல்லர். ஒரு காலைப் பொழுது போதும். பாயிண்டும் கன்டென்சரும் வைத்து வேலை செய்யத் தெரிந்த மெக்கானிக்குகள் நம் வேலூரில் இன்னும் இருக்கிறார்கள். எல்லோரும் வயதானவர்கள். அவர்கள் இருக்கும்போதே நம் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளட்டும்.

கமிட்டிக்கு என் வேண்டுகோள் இதுதான். மாத இறுதி என்ற தேதியை மாற்ற வேண்டாம். ஷெட் காலியாக வேண்டியது உண்மை, மழைக்காலத்தில் மோட்டார் அறைக்குப் போக வழியில்லை. அதற்கு முன் வரும் சனிக்கிழமை காலை, வெளி கேட்டுக்கு அருகே திறந்த வெளியில், அந்த அம்மாவின் சம்மதத்தோடு இந்த நான்கு சோதனைகளையும் செய்து பார்க்க அனுமதி கொடுங்கள். பேரனும் கூட இருக்கட்டும். பிஸ்டன் இறுகிப்போய் ஃப்ளைவீல் சுற்றவே மறுத்தாலோ, உடம்பு விரிசல் விட்டிருந்தாலோ, எடைக்குப் போடும் சீட்டில் சாட்சிக் கையெழுத்தை நானே போடுகிறேன். ஓடினால் கணியம்பாடிக்கு ஒரு வண்டி வைத்து அனுப்புவோம். ஷெட்டும் காலியாகும்.

உங்கள் ஊர் வீட்டுக் கொட்டகைகளிலும் இப்படி ஏதாவது கிடக்கலாம். இறைக்கும் எஞ்சினோ, மருந்தடிக்கும் எஞ்சினோ, அப்பா ஓட்டிய வண்டியோ. இரும்புக்காரர் தராசை எடுக்கும் முன் பாயிண்டை ஒருமுறை திறந்து பாருங்கள். சனிக்கிழமை வர விரும்புகிறவர்கள் காவலாளி அறையில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதுங்கள். பழைய துணி கொஞ்சம் கொண்டு வாருங்கள், கை துடைக்கத் தேவைப்படும்.